நீரோட்டம் பார்ப்பவர் வீட்டில் கிணறு இல்லை

என் கல்யாணப் பேச்சின்போது என் அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். மாப்பிள்ளைக்கு என்ன சம்பளம், எவ்வளவு நிலம், மாமியார் குணம் எப்படி என்பதெல்லாம் அவருக்கு அப்புறம். "ஊட்ல தண்ணி வசதி எப்படி?" என்றார். பூந்தமல்லியில் எங்கள் வீட்டுக் கிணறு, அடுப்பங்கரைப் படியிறங்கினால் காலில் இடிக்கும். அந்தச் சொகுசில் வளர்ந்தவள் போகிற இடத்தில் குடம் தூக்கி இடுப்பொடியக் கூடாதே என்ற கவலை அவருக்கு. தரகர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளிவிட்டுச் சிரித்தார். "நல்லா கேட்டீங்க போங்க. மாப்பிள்ளையோட நைனாவே நீரோட்டம் பாக்கிறவரு. இந்தச் சுத்துப்பக்கம் அவரு கோலு புடிக்காத கெணறே கெடையாது" என்றார்.

அப்பா அதோடு வாயை மூடிக்கொண்டார். நெல் மண்டிக்காரர் வீட்டில் சோறு உண்டா என்று யாராவது கேட்பார்களா? "வீட்டில் கிணறு இருக்கிறதா" என்று நேராக ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என் கல்யாணத்தின் முதல் வருஷம் வேறு மாதிரிப் போயிருக்கும். கேட்கவில்லையே. தாம்பூலம் மாற்றிவிட்டு வந்துவிட்டார்.

அது ஆவடியில் பட்டாளம் வந்து இறங்கி, பொட்டல் காடெல்லாம் கூடாரமாகிக்கொண்டிருந்த சண்டைக் காலம். என் வீட்டுக்காரர் அந்த முகாமில் ஸ்டோர் குமாஸ்தா. ஊர் வெள்ளானூர். புகுந்த வீட்டில் முதல் நாள் விடிந்ததும் முகம் கழுவப் பின்பக்கம் போனேன். மாடு இருந்தது, வைக்கோல் போர் இருந்தது, முருங்கை மரம் இருந்தது. கிணற்றைக் காணோம். பக்கவாட்டில் இருக்கும் என்று வீட்டைச் சுற்றி வந்தேன். புதுப் பெண் தலைப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டை வலம் வருவதைப் பார்த்து என் மாமியார், "இன்னா பொண்ணு, கோயில்னு நெனச்சிகினியா?" என்றார். கிணறு எங்கே அத்தை என்றேன். அவர் ஒரு பித்தளைக் குடத்தை என் கையில் கொடுத்தார். இன்னொன்றைத் தன் இடுப்பில் ஏற்றிக்கொண்டு முன்னால் நடந்தார்.

தெருவைத் தாண்டி, களத்துமேட்டைத் தாண்டி, ஏரிக்கரை மேல் ஏறி இறங்கினால் ஒரு பங்காளி வீட்டுத் தோட்டம். அங்கேதான் எங்கள் தண்ணீர். கல்யாணப் புடவை நனைய நனைய நான் குடத்தோடு திரும்பி வந்ததை ஊரே பார்த்தது. அந்தத் தோட்டத்து அம்மாள் தினமும் எங்களைக் கண்டதும் ஒரே வாக்கியத்தைச் சொல்வார்: "உங்க மாமனாரு பாத்த கெணறுதான் பொண்ணு, தாராளமா எடு." அந்தத் தாராளத்தில் ஒரு முள் இருக்கும். காலையில் ஒரு தரம் குத்தும், சாயங்காலம் ஒரு தரம் குத்தும்.

என் மாமனார் தொழிலைப் பற்றிக் குறைவாகப் பேசக் கூடாது. கவட்டையாகப் பிரிந்த பச்சை வேப்பங்கொம்பை ஒடித்து, மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, இரண்டு கிளையையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு, கங்கையம்மனை நினைத்தபடி வெறுங்காலோடு நடப்பார். அடியில் ஓட்டம் இருந்தால் கோலின் நுனி கிளம்பி மேலே எழும்பும். பலமான ஓட்டமென்றால் அவர் நெஞ்சில் வந்து முட்டும். ஒரு சொந்தக்காரர் வீட்டில் நானே பார்த்தேன். கை நடுங்கியது, கண் சொருகியது, கொம்பின் பட்டை உரிந்து உள்ளங்கையெல்லாம் பச்சையாகிவிட்டது. பொய் சொல்வானேன், எனக்கும் உடம்பு சிலிர்த்தது. அந்த இடத்தில் தோண்டினார்கள், தண்ணீர் வந்தது. அவருக்கு வேட்டி துண்டு, தேங்காய் பழம், மாலை மரியாதை. அந்த மாலையோடு வீட்டுக்கு வந்து, "பொண்ணு, கால் கழுவ ஒரு சொம்பு தண்ணி கொண்டா" என்பார். எனக்கு எப்படி இருக்கும்?

வெளியூரிலிருந்து அவரை அழைத்துப்போக வண்டி கட்டிக்கொண்டு வருகிறவர்கள் இன்னும் மோசம். வந்தவர்கள் முதலில் குடிக்கத் தண்ணீர் கேட்பார்கள். நீரோட்டக்காரர் வீட்டுத் தண்ணீர் என்று பயபக்தியோடு வாங்கிக் குடிப்பார்கள். "கல்கண்டு மாதிரி கீதே" என்று நாக்கைச் சப்புக்கொட்டுவார்கள். என் மாமனாரும் கட்டிலில் சாய்ந்தபடி, ஆமாம் என்பதுபோலத் தலையாட்டுவார். அடுப்பங்கரைச் சுவரை ஒட்டிய நிழலில் அவருக்கென்று ஒரு கயிற்றுக் கட்டில் உண்டு. வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் அதில்தான் இருப்பார். அங்கிருந்தபடியே ஜன்னல் வழியாக மோர் கேட்க வசதி. ஏரிக்கரை ஏறி இறங்கிய கல்கண்டை ஜன்னல் வழியாக நீட்டிவிட்டு நான் பல்லைக் கடித்துக்கொள்வேன்.

ஏன் நம் வீட்டில் கிணறு வெட்டவில்லை என்று கேட்டால், அவரிடம் அதற்கு ஒரு முறை இருந்தது. "கோலு எடுக்கிறவன் தன் மண்ணுல கோலு எடுக்கக் கூடாது. எடுத்தா அம்மா கோச்சிக்கும்" என்பார். சரி, வேறு யாரையாவது வைத்துப் பார்க்கலாமே என்றால், வேறு யார் இருக்கிறார்கள் என்று நம்மையே திருப்பிக் கேட்பார். கோலே வேண்டாம், ஒரு மூலையில் சும்மா தோண்டிப் பார்த்தால் என்ன என்று கேட்டுவிட்டால் போச்சு. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். யோசித்துப் பார்த்தால் அவர் பக்கமும் நியாயம் இருந்தது. சும்மா தோண்டி அங்கே தண்ணீர் வந்துவிட்டால், ஊருக்கெல்லாம் கோல் எதற்கு?

இந்தக் கேள்வியை என் வீட்டுக்காரர் ஒருநாள் சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்துகொண்டு, நேரம் காலம் தெரியாமல், கிளப்பிவிட்டார். முகாமில் அவர்களுக்கு மேல் ஓர் ஓவர்சியர் இருந்தார். அவர் காகிதத்தில் பென்சிலால் புள்ளி வைப்பாராம். புள்ளி வைத்த இடத்தில் தோண்டுவார்களாம். எல்லாவற்றிலும் தண்ணீராம். ஏரிகளுக்கு நடுவில் இருக்கிற மண் இது, மேலே களி, கீழே மணல், எங்கே தோண்டினாலும் ஊறும் என்று ஓவர்சியர் சொன்னாராம். அதோடு விட்டிருக்கலாம். கோல் தானாக அசைவதில்லை, பிடிக்கிறவர் மனசு எங்கே போகிறதோ அங்கே அவருக்கே தெரியாமல் கை போகிறது, சீமையில் கண்ணைக் கட்டிவிட்டுப் பார்த்தால் கோலுக்கும் கண் தெரியாமல் போய்விடுகிறதாம் என்பதையும் சேர்த்துச் சொன்னார். என் மாமனார் சாப்பிட்டு முடித்தார். எழுந்து கை கழுவினார்.

"அந்த ஓவர்சியரு ஊட்ல கெணறு கீதா?" என்று கேட்டார்.

"இல்ல நைனா, பட்டணத்துல அவருக்குக் கொழாய் கீது."

"அதான்" என்று சொல்லிவிட்டுக் கட்டிலுக்குப் போய்விட்டார்.

உண்மையில் வேறு ஆள் ஒருவர் இருந்தார். நூம்பலில் ஒரு மாதா கோயில் உபதேசியார். சின்ன வயதில் ஒரு வெள்ளைக்காரச் சாமியாரிடம் வேலை பார்த்தவர். அந்தச் சாமியார் தன் பாக்கெட் கெடிகாரத்தைச் சங்கிலியோடு தொங்கவிட்டுத் தண்ணீர் பார்ப்பாராம். ஊருக்குத் திரும்பும்போது கெடிகாரத்தை இவருக்குக் கொடுத்துவிட்டுப் போனாராம். கெடிகாரம் எப்போதோ ஓடுவதை நிறுத்திவிட்டது. ஆனால் தண்ணீர் காட்டுவதை நிறுத்தவில்லை என்பது அந்தப் பக்கத்துப் பேச்சு. என் மாமனார் அவர் பேச்சை எடுத்தாலே, கெடிகாரத்தில் மணி பார்ப்பார்கள், தண்ணீரா பார்ப்பார்கள் என்பார். இது நூம்பலுக்குப் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து பதில் வந்தது: வேப்பங்குச்சியில் பல்தான் விளக்குவார்கள். இருவரும் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் ஜென்மப் பகை.

இப்படியிருக்க நான் முழுகாமல் இருந்தேன். வளைகாப்புக்குப் பூந்தமல்லியிலிருந்து இரண்டு வண்டியில் கட்டுச்சாதத்தோடு வந்து இறங்கினார்கள். உள்ளூர்ப் பெண்களும் கூட்டம். இரண்டு கைக்கும் வளையல் அடுக்கி, கன்னத்தில் சந்தனம் பூசி என்னை மணையில் உட்கார வைத்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து அண்டாவில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. சாப்பிட்டவர்களுக்குக் கை கழுவத் தண்ணீர் இல்லை. குழம்புக் கையோடு பத்துப் பெண்கள் பின்கட்டில் நிற்கிறார்கள். என் மாமியார் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்தார். காலையிலிருந்து எத்தனை நடை நடந்தாரோ, இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் சுவரில் சாய்ந்து நின்றார். அப்புறம் ஏரிக்கரைப் பக்கம் கிளம்பினார்.

எனக்கு அப்போது வாய் நீளம். இப்போது மட்டும் என்ன, குறைந்துவிட்டதா? மணையை விட்டு எழுந்தேன். வளையலெல்லாம் குலுங்கின. வெளியே ஆண்களுக்குக் கேட்கட்டும் என்றே சொன்னேன்.

"இந்த ஊட்ல கெணறு வெட்ற வரைக்கும் நான் புள்ளையத் தூக்கிகினு இங்க வர மாட்டேன். இது சத்தியம்."

என் அம்மா வாயில் அடித்துக்கொண்டார், நல்ல நாளில் இப்படி ஒரு வார்த்தை பேசலாமா என்று. வெளியிலிருந்து என் அப்பா உள்ளே வந்தார். பெண் குடம் தூக்குகிற கதை அவருக்கு அன்றுதான் தெரியும். அதுவரை நான் சொல்லவில்லை, மானக்கேடாக இருந்தது. கல்யாணப் பேச்சில் தான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டதைச் சம்பந்திக்கு ஞாபகப்படுத்தினார். என் மாமனார் பழைய பாட்டையே எடுத்தார்: தன் மண்ணில் கோல் எடுக்கக் கூடாது, அது முறையில்லை. எடுக்க வேண்டாம் சம்பந்தி, நூம்பலில் எனக்குத் தெரிந்த ஓர் உபதேசியார் இருக்கிறார், வண்டி அனுப்புகிறேன் என்றார் அப்பா. என் மாமனார் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. விளக்கெண்ணெய் குடித்த முகம். அவர் முடியாது என்று சொல்ல வாயெடுப்பதற்குள், குடத்தோடு திரும்பி வந்திருந்த என் மாமியார், "கூப்டுங்க" என்றார். அந்த வீட்டில் அவர் குரல் அவ்வளவு சத்தமாக அதுவரை யாரும் கேட்டதில்லை. நல்ல நேரம் பார்த்து அன்றே பிறந்த வீட்டுக்குப் புறப்பட வேண்டிய நான், உபதேசியார் வந்து பார்க்காமல் நகர மாட்டேன் என்று பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

மறுநாள் அவர் வந்தார். கறுப்புக் கோட்டு, கக்கத்தில் குடை, வெள்ளை மீசை. வந்தவர் வேலையை ஆரம்பிப்பாரா? முதலில் ஒரு பிரசங்கம். வனாந்தரத்தில் ஜனங்கள் தாகத்தால் தவித்தபோது தீர்க்கதரிசி ஒருவர் கோலால் பாறையைத் தட்டித் தண்ணீர் வரவழைத்தாராம். அவர்தான் இந்தத் தொழிலுக்கு மூலபுருஷராம். பிற்பாடு சீமையில் கவட்டைக் கொம்பை வைத்துச் சுரங்கமும் தண்ணீரும் தேடினார்களாம். இது பிசாசின் வேலை என்று பெரிய பெரிய குருமார்கள் திட்டித் தீர்த்தார்களாம். காலம் போகப் போக அதே குருமார்கள் தாங்களே கொம்பும் கெடிகாரமும் எடுத்துக்கொண்டு வயலில் இறங்கிவிட்டார்களாம். கட்டிலில் திரும்பிப் படுத்தபடி என் மாமனார், சுவரைப் பார்த்து, பாறையில் தட்டினால் வரும், களிமண்ணில் தட்டினால் கோல்தான் ஒட்டிக்கொள்ளும் என்று முணுமுணுத்தார். கங்கையம்மன் வேப்பங்கொம்புக்குத்தான் வருவாள், இரும்புக்கு வர மாட்டாள் என்றும் சேர்த்துக்கொண்டார். இது வெள்ளி என்றார் உபதேசியார்.

பிறகு கெடிகாரத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தார். மாட்டுக் கொட்டகை, வைக்கோல் போர், முருங்கையடி எங்கும் போனார். கெடிகாரம் செத்த எலி மாதிரித் தொங்கியது. என் மாமனாரின் முதுகு மெல்ல நிமிர்வது தெரிந்தது. என் மாமியார் அடுப்பங்கரை வாசலில், காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, கண்ணெடுக்காமல் உபதேசியாரையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் எந்தப் பக்கம் போனாலும் அந்தக் கண்கள் கூடவே போயின. அந்த மனிதருக்குக் கூச்சமாகத்தான் இருந்திருக்கும், அடிக்கடி திரும்பித் திரும்பிப் பார்த்தார். அடுப்பங்கரைப் பக்கம் வர வர, கெடிகாரம் லேசாக ஆட ஆரம்பித்தது. இன்னும் கிட்டே வந்தார். வட்டம் போட்டது. கட்டிலருகில் வந்து நின்றதும் ராட்டினமாகச் சுற்றியது.

"அண்ணாத்தே, கொஞ்சம் எழுந்துக்கணும்" என்றார்.

"எதுக்கு?"

"தண்ணி மேல குந்திகினு கீறீங்க."

என் மாமனார் எழுந்திருக்கவில்லை. முகம் சிவந்தது. இங்கே தண்ணீர் கிடையாது என்று அடித்துச் சொன்னார். உபதேசியார் கெடிகாரத்தைப் பையில் போட்டுக்கொண்டு, தன்மையாக, மரியாதையாக, "பாத்தீங்களா?" என்று கேட்டார்.

ஒரே ஒரு வார்த்தை. மனிதர் வசமாக மாட்டிக்கொண்டார். பார்த்தேன் என்றால், தன் மண்ணில் கோல் எடுக்கக் கூடாது என்ற முறை என்னவாயிற்று? பார்க்கவில்லை என்றால், தண்ணீர் இல்லை என்பது எப்படித் தெரியும்? எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றுப்பிள்ளையை நினைத்து அடக்கிக்கொண்டேன். என் மாமியார்தான் வந்து குடத்தைக் கீழே வைத்தார். "எழுந்திரிங்க" என்றார். அவர் எழுந்தார். மாமியாரே கட்டிலை ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டு போய் முருங்கையடியில் போட்டார்.

உபதேசியார் வண்டியேறும்போது சும்மா போகவில்லை. தன் வீட்டுக் கிணற்றுக்குத் தானேதான் கெடிகாரம் பிடித்ததாகவும், சொந்த மண்ணில் பிடிக்கக் கூடாது என்று தன் சாமியார் சொல்லிக்கொடுக்கவே இல்லை என்றும் என் அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அது என் காதில் விழுந்தது. அடுப்பங்கரைக்குள் போய் மாமியாரைக் கேட்டேன். அவர் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிராமல் சொன்னார்.

"அது முறையும் இல்ல, ஒண்ணும் இல்ல. எனக்குக் கல்யாணமாகி வந்த புதுசுல இந்த மண்ணு பூரா கோலு புடிச்சி நடந்தாரு. எங்கயும் எழும்பல. பொழுது சாயிற வரைக்கும் நடந்தாரு. அன்னிக்கி ராத்திரிதான் அந்த முறை பொறந்துச்சு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு குச்சி எழும்பாததற்கு ஒரு பெண்பிள்ளை ஆயுசு முழுக்கக் குடம் தூக்குவதா? அன்றே ஊரறியச் சொல்லியிருக்கலாமே அத்தை என்று கத்தினேன். சொல்லியிருந்தால் மறுநாள் அவரை யார் கூப்பிடுவார்கள், நாலு பேர் கும்பிடுகிற மனுஷன் என்றார். மீனை அலசக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். நான் சொம்பில் பாதிதான் ஊற்றினேன், அவ்வளவுதான் மிச்சமிருந்தது.

நான் பூந்தமல்லிக்குப் போய்விட்டேன். கட்டில் கிடந்த இடத்தில் தோண்ட ஆரம்பித்தார்கள். என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து சேதி சொல்வார். ஒரு வாரம் களிமண். மறு வாரமும் களிமண். இன்னொரு வாரம் என்ன என்றேன். நல்ல களிமண் என்றார். எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. அதன் இடுப்பைத் தொட்டுப் பார்த்தேன், இரண்டு விரல் அகலம்கூட இல்லை. இதன் மேலா ஒரு நாள் பித்தளைக் குடம் ஏறப்போகிறது என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. சத்தியம் பண்ணியாயிற்று, தண்ணீர் வராவிட்டால் திரும்பிப் போக முடியாது. வீட்டுக்காரரை விட்டுவிட்டு இருக்கவும் மனசில்லை. நல்ல மனுஷர், சோற்று நேரத்தில் வாய் திறப்பது ஒன்றுதான் குறை.

என் மாமனார் பாடு என்னைவிட மோசமாம். சாயங்காலமானால் குழியின் ஓரத்தில் போய் உட்கார்ந்துகொள்வாராம். தண்ணீர் வந்தால் அவர் கோல் பொய். வராவிட்டால் பேத்தி வீட்டுக்கு வர மாட்டாள். "நைனா இன்னா வேண்டிக்கிறாருன்னே புரியல. ஒரு நாளு வரணும்னு மொணங்கறாரு, ஒரு நாளு சும்மா கீறாரு" என்றார் என் வீட்டுக்காரர். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் முழங்கால் வரை சேற்றோடு வந்தார். ஈர மணல், அப்புறம் ஊற்று, ஒரே இரவில் ஆள் உயரத்துக்கு ஏறிவிட்டது, உறை இறக்குகிறார்கள் என்று மூச்சு விடாமல் சொன்னார். என் அம்மா குழந்தைக்குத் திருஷ்டி சுற்றினார்.

குழந்தையோடு வெள்ளானூரில் போய் இறங்கினோம். வாசலிலேயே ஆரத்தி. அந்த ஆரத்தித் தண்ணீர் எங்கள் கிணற்றுத் தண்ணீர். பின்பக்கம் போனால் உறை, ராட்டினம், கயிறு எல்லாம் புத்தம் புதுசு. ஏரிக்கரைத் தோட்டத்து அம்மாள் உட்பட ஊர் வந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. என் மாமனார் எப்படி இருக்கிறாரோ, இடிந்து போயிருப்பாரோ என்று எனக்கு உள்ளூரப் பரிதாபம். அதெல்லாம் வீண் பரிதாபம். மனிதர் கிணற்றடியில் நின்று, கூட்டத்துக்கு நடுவில் கம்பீரமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"நான் இத்தினி வருசமா எங்க குந்தினேன்? இங்க. ஊடு பூரா எடம் கீது, ஏன் இங்க வந்து குந்தணும்? கோலு எடுக்கக் கூடாதுன்னு முறை. அதான் என் ஒடம்பே வந்து காட்டிக் கொடுத்திருக்குது. நூம்பலாரு கெடிகாரம் தண்ணியப் பாத்துச் சுத்தல. என்னப் பாத்துச் சுத்திச்சு."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. நான் தலையில் அடித்துக்கொண்டேன். என்ன மனுஷன், விழுந்த இடத்திலேயே மேடை கட்டிக்கொண்டார். அப்போது ராட்டினம் கிரீச்சிட்டது. என் மாமியார் ஒரு குடம் இறைத்துக் கிணற்று விளிம்பில் வைத்தார். அதைத் தூக்காமல் அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டு, அவர் பக்கம் திரும்பினார்.

"உங்க ஒடம்புக்குத் தெரிஞ்சுதே. என் இடுப்புக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

என் மாமனார் தோளில் கிடந்த துண்டை எடுத்தார், எதற்கு எடுத்தோம் என்று தெரியாமல் மறுபடியும் போட்டுக்கொண்டார். அப்புறம் வந்து அந்தக் குடத்தைத் தூக்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார். அடுப்பங்கரையில் குடம் எங்கே வைப்பார்கள் என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. அம்மி மேல் வைத்துவிட்டு வந்தார்.

அதற்கப்புறமும் அவர் கோல் பிடித்தார். முன்னைவிடக் கிராக்கி. உடம்பிலேயே நீரோட்டம் தெரிகிறவர் என்று பட்டாபிராமிலிருந்து திருநின்றவூர் வரை பேச்சு. ஆனால் ஒரு விஷயம் மாறிவிட்டது. முன்பெல்லாம் அவர் பார்த்த கிணறுகள் தோட்டத்துக் கோடியிலோ வரப்போரத்திலோ அமையும். இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும், கோலை எடுக்குமுன் ஒரு புது முறை வைத்தார். அந்த வீட்டில் யார் தண்ணீர் தூக்குகிறார்களோ அவர்கள் காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பங்கரை வாசலில் வந்து நிற்க வேண்டும். நல்ல காரியத்துக்குக் காலிக் குடம் எதிரே நிற்பதா, அபசகுனமாயிற்றே என்று வீட்டுக்காரர்கள் பதறுவார்கள். அது கோலுக்கு முறை, குடம் நிற்காவிட்டால் எழும்பாது என்று சொல்லிவிடுவார்.

இன்னொரு சொந்தக்காரர் வீட்டில் ஒரு தடவை நானும் கூட இருந்தேன். அந்த வீட்டு மருமகள், என் வயசுதான் இருக்கும், குடத்தோடு வாசலில் வந்து வெட்கப்பட்டுக்கொண்டு நின்றாள். அந்த வீட்டுப் பெரியவர் கிணறு தோட்டத்துக் கோடியில் வர வேண்டும் என்று ஆசைப்பட்டு, அந்தப் பக்கமே கையைக் காட்டிக்கொண்டிருந்தார். என் மாமனார் கண்ணை மூடிக் கங்கையம்மனை வேண்டிக்கொண்டார். கண்ணைத் திறந்து அந்தப் பெண்ணின் இடுப்பைப் பார்த்தார். அப்புறம் நேராக அவள் பக்கம் நடந்தார். வாசற்படிக்கு இந்தப் பக்கம் கோல் எழும்பி அவர் நெஞ்சில் முட்டியது.